சொட்டுகிற வால்வை அடைத்தவன்

சென்ற வாரம் இளம் இன்ஜினியர்களான உங்களில் ஒருவர் எனக்கு வாட்ஸ்அப்பில் மூன்று கொட்டேஷன் அனுப்பியிருந்தார். ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் யுட்டிலிட்டி பிரிவில் சேர்ந்து நான்கு மாதம் ஆகிறதாம். புல்வெளிக்குத் தண்ணீர் தெளிக்கும் லைன், குடிதண்ணீர் லைனோடு சேரும் இடத்தில், தண்ணீர் திரும்பி வராமல் தடுக்க ஒரு வால்வு போட வேண்டும். "இந்த மூணுல எது சார் பெஸ்ட்?" என்று கேட்டு, கீழே கும்பிடு பொம்மை ஒன்றும் வைத்திருந்தார்.

கும்பிடுக்கு நன்றி. ஆனால் இந்த விஷயத்தில் என்னிடம் யோசனை கேட்பது, லைசென்ஸ் பறிபோன டிரைவரிடம் வழி கேட்பது மாதிரி. வழி எனக்கு நன்றாகத் தெரியும். லைசென்ஸ் ஏன் போனது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் உங்களுக்குப் பிரயோஜனம். அதனால் அவருக்குத் தனியாகப் பதில் போடாமல் உங்கள் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

இந்த வட்டாரத்தில் தண்ணீர், அமுக்கிய காற்று, கழிவு ஆகிய மூன்றையும் பார்த்துக்கொண்டே இருபத்தெட்டு வருஷம் ஓட்டியவன் நான். ஐம்பத்து மூன்று வயதில் முழங்கால் வலி என்று எழுதிக்கொடுத்து விருப்ப ஓய்வு வாங்கினேன். முழங்கால் இன்றுவரை ஜோராக இருக்கிறது.

எங்கள் பிளான்ட் வாசலில் ஒரு புல்வெளி. நடுவில் மண் கொட்டி மேடு கட்டி, மேட்டின்மேல் சிவப்புப் பூச்செடிகளால் கம்பெனி முத்திரை. வெளிநாட்டிலிருந்து யார் வந்தாலும் அதன் முன்னால்தான் போட்டோ. எங்கள் பிளான்ட் ஹெட்டுக்கு அந்தப் புல்லின்மேல் இருந்த பிரியத்தைப் பார்த்தால், அதற்கும் பி.எஃப். பிடிக்கிறார்களோ என்று சந்தேகம் வரும். வெல்டிங் ஷாப்பில் மின்விசிறி ஓடாவிட்டால் இரண்டு வாரம் கழித்துக் கேட்பார். புல் ஒரு முழம் பழுப்பாகிவிட்டால் பத்து நிமிஷத்தில் போன் வரும்.

அந்தப் புல்லுக்கு நாங்கள் பாய்ச்சியது, கழிவறையிலிருந்தும் கேன்டீனிலிருந்தும் வந்து சுத்திகரித்த தண்ணீர். அதைப் பம்ப் வைத்துத் தெளிப்பான்களுக்குத் தள்ளுவோம். வழியில் ஒரு சின்னத் தொட்டியிலிருந்து கரைத்த உரமும் சேரும். கோடையில் அந்தத் தண்ணீர் போதாது. அதனால் குடிதண்ணீர் மெயினிலிருந்து ஒரு கிளை எடுத்து அதோடு இணைக்கச் சொன்னார்கள். அதாவது ஊரே குடிக்கிற தண்ணீருக்கும் ஊரே கழித்த தண்ணீருக்கும் நடுவில் ஒரே ஒரு வால்வு.

குழாயில் தண்ணீர் முன்னால்தான் போகும் என்று நாம் நம்பிக்கொண்டிருக்கிறோம். தண்ணீருக்கு அப்படி ஒரு கொள்கையும் கிடையாது. எந்தப் பக்கம் அழுத்தம் குறைகிறதோ அந்தப் பக்கம் போகும். குடிதண்ணீர் மெயினில் அழுத்தம் விழுந்தால், புல்லுக்குப் போக வேண்டியது திரும்பி வந்து உங்கள் டம்ளரில் நிற்கும்.

எதைப் போடுவது? பர்ச்சேஸில் இருந்தவர், சாதாரண ஒருவழி வால்வு போதும் என்றார். அதில் இருப்பது ஒரு கதவு. ஒரு மணல் துகள் சிக்கினால் திறந்தபடியே நிற்கும். நிற்பது யாருக்கும் தெரியாது. வேண்டாம் என்றேன். அடுத்தது, பின்னால் உறிஞ்சல் வந்தால் காற்றை உள்ளே விட்டு அதை முறிக்கிற வகை. நல்ல பொருள். ஆனால் அது எல்லாத் தெளிப்பான்களையும்விட உயரத்தில் இருக்க வேண்டும், அதற்கு அந்தப் பக்கம் பம்ப் இருக்கக் கூடாது. எங்களுக்கு முத்திரை மேடும் உண்டு, பம்பும் உண்டு. அதுவும் வேண்டாம். மிஞ்சியவை இரண்டு. ஒன்று, வால்வே இல்லாமல் குடிதண்ணீர்க் குழாயை ஒரு தொட்டிக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் நிறுத்திவிடுவது. தண்ணீர் தொட்டியில் விழும், தொட்டியிலிருந்து பம்ப் எடுக்கும். அந்த ஒரு சாண் காற்றைத் தாண்டி எந்தத் தண்ணீரும் திரும்ப ஏறாது. நான் முதலில் சொன்னது அதைத்தான்.

"வாசல்ல பிளாஸ்டிக் தொட்டியா? இது பிளான்ட்டா, கல்யாண மண்டபமா?" என்றார் பிளான்ட் ஹெட்.

சரி என்று நான்காவதுக்குப் போனேன். இரண்டு கதவு, நடுவில் ஓர் அறை, அறைக்குக் கீழே தரையைப் பார்த்த ஒரு வாய். கதவுகளில் எது சரியாக மூடாவிட்டாலும், அறையில் சேரும் தண்ணீர் குடிதண்ணீர்ப் பக்கம் போகாமல் அந்த வாய் வழியாகத் தரையில் கொட்டிவிடும். "எனக்குள்ளே ஏதோ சரியில்லை" என்று அந்த வால்வு சொல்வதற்கு அதற்கு இருப்பது அந்த ஒரு வாய்தான். எங்கள் ஆபத்துக்குப் பொருத்தமான வால்வு அதுதான். பெருமையாக வாங்கினேன். அதைத் தரைக்கு மேலே ஒரு முழம் உயரத்தில் வைக்க வேண்டும். வைத்தேன்.

மறுநாளே போன் வந்தது. "அந்தப் பித்தளை சாமான் போட்டோல விழுது. கீழ எறக்குங்க."

கேட்டலாக்கில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது, பள்ளத்தில் வைக்காதே என்று. பள்ளத்தில் தண்ணீர் நின்றால் அந்த வாயே அழுக்கில் முங்கிவிடும். எனக்குத் தெரியும். தெரிந்தும் பள்ளம் தோண்டி, வால்வை இறக்கி, மேலே மூடி போட்டு, மூடியின்மேல் செயற்கைப் புல் ஒட்டினேன். ஒட்டிய நேர்த்தியைப் பார்த்து பிளான்ட் ஹெட் என் முதுகில் தட்டினார். நானும் நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றேன்.

சரியான வால்வைத் தேர்ந்தெடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறீர்களே, அதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

எங்கள் பிளான்ட்டில் ஒரு வழக்கம். மாதம் ஒருநாள் ஆடிட் டீம் சுற்றி வரும். எங்கே கசிவு கண்டாலும் சிவப்பு அட்டை ஒன்றைக் கட்டிவிட்டுப் போகும். மூன்று நாளில் கசிவை நிறுத்தி, போட்டோ எடுத்து அனுப்பி, அட்டையைக் கழற்ற வேண்டும். கழற்றாவிட்டால் காலைக் கூட்டத்தில் பெயர் பெரிய திரையில் வரும். அந்த அட்டையில் 'முடிந்தது' என்று டிக் அடிக்க ஒரு கட்டம் உண்டு. ஏன் கசிந்தது என்று எழுத இடம் கிடையாது. அந்த அட்டையை அச்சடித்தவர் யாரோ, அவரை நான் இன்றும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

ஒரு பிற்பகல், தோட்டத்தைப் பார்த்துக்கொண்ட ஏழுமலை வந்தார். வாலாஜாபாத் பக்கம் சொந்த நிலம் வைத்திருப்பவர், உரத்தைப் பற்றி எங்களுக்கெல்லாம் வகுப்பெடுப்பவர்.

"சார், நம்ம வால்வுக்கு செவப்புத் தாலி கட்டிட்டானுங்க."

"எதுக்குய்யா?"

"கீழ்வாய்ல சொட்டிக்கினே கீது சார். பள்ளத்துல தண்ணி. அடைச்சிட்டா போவுது."

"அடைக்கக் கூடாதுய்யா. அது சொட்டுதுன்னா உள்ள கதவு சரியா மூடலன்னு அர்த்தம். பிரிச்சி சுத்தம் பண்ணணும்."

"அப்ப பிரிங்க."

பிரிக்க வேண்டுமானால் லைனை அரைநாள் நிறுத்த வேண்டும். நிறுத்தினால் புல். புல் என்றால் போன். அந்த வருஷம் 'ஜீரோ லீக்' ஷீல்டுக்கு எங்கள் பிரிவு முதலிடத்தில் வேறு இருந்தது. ஏழுமலை இரண்டு நாள் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனார். மூன்றாம் நாள் நானே ஒரு பித்தளை பிளக்கை எடுத்து, வெள்ளை டேப் சுற்றி, பள்ளத்தில் இறங்கி அந்த வாயை இறுக்கி அடைத்தேன். அடுத்த ஞாயிறு கழற்றிவிடலாம் என்று நினைத்துக்கொண்டேன். போட்டோ எடுத்தேன். அனுப்பினேன். அட்டையைக் கழற்றினேன்.

ஷீல்டு கிடைத்தது. மேடையில் ஏறி, "எங்க டிபார்ட்மென்ட்ல சொட்டறது நாங்க விடற கண்ணீர் மட்டும்தான்" என்று ஜோக் அடித்தேன். எல்லோரும் கைதட்டினார்கள். ஞாயிறுகள் பதினொன்றோ பன்னிரண்டோ போயின.

இப்போது தேவகியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கேன்டீன் சூப்பர்வைசர். வடக்குப்பட்டிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருவார். கான்ட்ராக்ட்காரர்கள் மூன்று பேர் மாறியும் அவர் மாறவில்லை. நான் தட்டோடு போய் நின்று, "இன்னா தேவகி, சாம்பார்ல பருப்பு லீவா?" என்பேன். "ஆன் டியூட்டி போட்டு வெளிய போயிருக்கு சார், வந்தா அனுப்பறேன்" என்பார், கரண்டியை நிறுத்தாமல். மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டியைக் கழுவும் நாளில் மேற்பார்வையும் அவர்தான். ஆட்களோடு மேலே ஏறி, உள்ளே எட்டிப் பார்த்து, ஒரு கை தண்ணீர் அள்ளி முகர்ந்துவிட்டுத்தான் இறங்குவார்.

அந்தச் சித்திரையில் ஒருநாள் தொட்டி கழுவினார்கள். காலையில் தொட்டி காலி. தொட்டி காலி என்றால் குடிதண்ணீர் மெயினில் அழுத்தம் இல்லை. அதே நேரம், டைமர் வைத்திருந்த தோட்டப் பம்ப் தானாக ஓட ஆரம்பித்தது. அன்று உரம் போடும் நாள். கோடை என்பதால் கிளை வால்வு திறந்தே இருந்தது. மற்றதை நீங்களே வரைந்துகொள்ளலாம். இரண்டு கதவிலும் மண். கொட்ட வேண்டிய வாயில் என் பிளக்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அசெம்பிளி லைனில் ஒருவர் பின் ஒருவராக வாந்தி எடுத்தார்கள். முதலுதவி அறையில் கட்டில் போதாமல் தரையில் விரிப்பு போட்டார்கள். நான் போய்ப் பார்த்தபோது ஓரத்தில் மாரிச்செல்வி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். திருநெல்வேலிப் பக்கத்துப் பெண், ஸ்ரீபெரும்புதூரில் ஹாஸ்டலில் தங்கி லைனில் வேலை பார்த்தவள். கையில் டிரிப் ஏறிக்கொண்டிருந்தது.

"சாம்பாராம்மா?" என்றேன்.

"சாப்பிடவே இல்ல சார். லைன் பக்கத்துக் குழாய்ல தண்ணிதான் குடிச்சேன். எங்க வீட்டுல உரம் கரைக்கிற வாளி இருக்குல்லா, அந்த வாடை அடிச்சுது. தாகத்துல குடிச்சிட்டேன்."

அங்கிருந்து புல்வெளிக்கு நான் ஓடினேன். முழங்கால் நன்றாக இருந்தது என்று சொன்னேன் அல்லவா. மூடியைத் தூக்கி, கிளை வால்வை அடைத்து, பம்பை நிறுத்தி, பிளக்கைக் கழற்றினேன். அழுக்குத் தண்ணீர் என் சட்டைமேல் பீய்ச்சி அடித்தது. குடிதண்ணீர்க் குழாய்களை எல்லாம் மூடச் சொல்லி, கேன் தண்ணீர் வரவழைத்து, மெயினைத் திரும்பத் திரும்ப அலசினேன். அந்த ஒரு மணி நேரம் நான் ஒழுங்கான இன்ஜினியர். அதற்கு அடுத்த மூன்று நாளைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும்.

யார் கேட்டாலும், "ஒரு சேஃப்டிக்கு அலசினேன்" என்றேன். அதற்கு மேல் வாய் திறக்கவில்லை.

மறுநாள் காலை கேன்டீன் போர்டில் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். தொட்டி சுத்தம் செய்ததில் அலட்சியம். கேன்டீன் சூப்பர்வைசர் தேவகி விசாரணை முடியும் வரை பணிக்கு வர வேண்டாம். தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று. பஸ்ஸில் அதைப் பற்றித்தான் பேச்சு. "காசுக்கு ஆசைப்பட்டு தொட்டி கழுவற மருந்தை மாத்திட்டாளாம்" என்று ஒருவர். "உள்ளே எலி செத்துக் கிடந்துச்சாம்" என்று இன்னொருவர். தேவகியின் ஊர்ப் பெண்கள் அதே பஸ்ஸில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டு வந்தார்கள். நான் முன் சீட்டில் இருந்தேன். அந்த மூன்று நாளும் வழக்கத்தைவிட அதிகமாக ஜோக் அடித்தேன். எவ்வளவு சிரித்தார்கள் தெரியுமா. எனக்கு இன்று அதை நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

மூன்றாம் நாள் மீட்டிங் ரூமுக்குக் கூப்பிட்டார்கள். பிளான்ட் ஹெட் கதவருகிலேயே என்னைப் பிடித்துக்கொண்டார்.

"தண்ணி லைன்ல ஒண்ணும் பிரச்சனை இல்லன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும். மத்தத நாங்க பாத்துக்கறோம்."

உள்ளே எச்.ஆர். ஆட்கள் சிலர் இருக்க, தேவகி ஒரு நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். எதிரே ஆங்கிலத்தில் டைப் அடித்த ஒரு கடிதம், அதன்மேல் பேனா.

"கையெழுத்துப் போடுங்கம்மா, கேஸு கீஸுன்னு போவாது" என்றார் பிளான்ட் ஹெட்.

"இன்னா எழுதிக்கீதுன்னு தெரியாம எப்பிடி சார் போடறது?"

"நான் சொல்றேனே."

"நீங்க வோணாம். அவரு படிக்கட்டும்." என்னைக் காட்டினார். "கிண்டல் பண்ணுவாரு. பொய் சொல்ல மாட்டாரு."

கடிதத்தை எடுத்தேன். ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். தொட்டியை நான் சரியாகக் கழுவவில்லை. அதனால்தான் தொழிலாளர்களுக்கு உடம்பு கெட்டது. என் தவறை உணர்ந்து நானாகவே வேலையிலிருந்து விலகுகிறேன். கடைசி வரியைச் சொல்லிவிட்டு அவரைப் பார்த்தேன்.

"இதுல எழுதின மாதிரி நடக்கல தேவகி. தொட்டி சுத்தமாத்தான் இருந்துச்சு. தோட்டத்துத் தண்ணி திரும்பி வந்துச்சு. அத தடுக்க வேண்டிய வால்வ நான்தான் அடைச்சி வெச்சிருந்தேன்."

முதலில் பேசியவர் பிளான்ட் ஹெட்.

"எமோஷனல் ஆவாதீங்க. அடுத்த வாரம் கஸ்டமர் ஆடிட். கேன்டீன் தப்புன்னா ஆள மாத்தினோம், முடிஞ்சுது. சிஸ்டம் தப்புன்னா ரிப்போர்ட் அவங்களுக்குப் போகணும். யோசிச்சிப் பேசுங்க."

அதைக் கேட்டதும் எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! ஒரு பெண்ணின் பிழைப்பையும் பெயரையும் மாற்றுவது இவர்களுக்கு பல்பு மாற்றுகிற மாதிரி. ஒரு பித்தளை வால்வை மாற்றுவதற்குத்தான் யோசிக்க வேண்டும். மேஜையைத் தட்டினேன். கத்தினேன். பள்ளம், செயற்கைப் புல், சிவப்பு அட்டை என்று எல்லாவற்றையும் இழுத்தேன். நன்றாகத்தான் பேசினேன் போலிருக்கிறது, எதிரே இருந்தவர்கள் தலைகுனிந்தார்கள்.

தேவகி மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது உனக்கு எப்ப தெரியும்?"

அதுவரை அவர் என்னை ஒருமையில் கூப்பிட்டதில்லை.

"அன்னைக்கே."

"மூணு நாளாவா தெரிஞ்சிக்கினு குந்தினிருந்த?"

என் மேஜைக் கோபம் அப்படியே இறங்கிவிட்டது. அவர் கடிதத்தை என் கையிலிருந்து வாங்கி, நான்காக மடித்து, பையில் போட்டுக்கொண்டு எழுந்தார். "இது எங்கிட்டயே இருக்கட்டும்" என்றார்.

அவருடைய வேலை தப்பியது. எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. ஷீல்டைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். மாரிச்செல்வியும் மற்றவர்களும் இரண்டொரு நாளில் வேலைக்குத் திரும்பினார்கள், அவர்களிடம் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. வாசலில் பிளாஸ்டிக் தொட்டி வந்தது. அதற்கு மேலே ஒரு சாண் உயரத்தில் குழாய் நின்றது. போட்டோவில் அது நன்றாகவே விழுந்தது.

ஆகையால் கொட்டேஷன் அனுப்பியவரே, இதோ என் பதில். குழாயின் அந்தப் பக்கம் கழிவோ உரமோ இருந்து, இடமும் இருந்தால், அந்த மூன்றையும் ஓரமாக வைத்துவிட்டு ஒரு தொட்டி வாங்குங்கள். காற்றை எந்த ஆடிட்டும் அடைக்கச் சொல்லாது. தொட்டிக்கு இடமே இல்லை என்றால், நீங்கள் அனுப்பியதில் நடுவில் இருக்கும், கீழ்வாய் உள்ள இரட்டைக் கதவு வால்வை வாங்குங்கள். ஆனால் வாங்குவதற்கு முன் மேலே இருப்பவரிடம் போய், "இது தரைக்கு மேலே அசிங்கமாகத் தெரியும், அவ்வப்போது சொட்டும், சொட்டினால் லைனை நிறுத்திப் பிரிப்பேன், சம்மதமா?" என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். அவர் சம்மதிக்காவிட்டால் இணைப்பே கொடுக்காதீர்கள். புல் காயட்டும். காய்ந்த புல்லால் யாருக்கும் டிரிப் ஏற்றியதில்லை.

இன்னொன்று பாக்கி இருக்கிறது. தேவகி வேலைக்குத் திரும்பிய அன்று காலையில், போர்டிலிருந்த நோட்டீஸை ஓசையில்லாமல் கிழித்துவிட்டார்கள். மதியம் தட்டோடு போய் நின்றேன். சாம்பார் ஊற்றினார். நகரப் போனேன்.

"நோட்டீஸ எடுத்துட்டா ஆச்சா சார்? படிச்சவங்க மண்டைலேர்ந்து யாரு எடுப்பா?"

நிர்வாகத்திடம் மறுப்பு நோட்டீஸ் கேட்டேன். "விஷயம்தான் முடிஞ்சு போச்சே" என்றார்கள். அன்று சாயங்காலமே நானே ஒரு வெள்ளைத்தாளில் பெரிய எழுத்தில் எழுதினேன். தொட்டி சுத்தமாக இருந்தது, தேவகியின் மேல் எந்தக் குற்றமும் இல்லை, தோட்டத்து வால்வின் வாயை நான் தவறுதலாக அடைத்துவிட்டதால் கெட்ட தண்ணீர் குடிதண்ணீரில் கலந்தது என்று எழுதி, கீழே பெயரும் பதவியும் போட்டு, மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் அதே போர்டில் ஒட்டினேன். பின்னால் தட்டோடு கூட்டம் சேர்ந்துவிட்டது. மாரிச்செல்வியும் நின்றாள்.

தேவகி கரண்டியை வைத்துவிட்டு, புடவையில் கை துடைத்துக்கொண்டு வந்தார். விரலை ஓட்டி ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தார். ஓரிடத்தில் விரல் நின்றது.

"'தவறுதலாக'ன்னு எழுதிக்கீறியே. தெரியாமதான் அடைச்சியா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஒரு ஜோக் கூட வரவில்லை.

"இல்ல. தெரிஞ்சுதான்."

"அப்ப அத்த அடி."

சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து அந்த வார்த்தையின்மேல் ஒரு கோடு போட்டேன்.

"இன்னும் தெரியுது" என்றார். "நல்லா அடி சார்."